குப்பை வண்டி வராத ஊர்

ஜப்பான் நாட்டில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் வீடு வீடாகக் குப்பை அள்ள வண்டி வராது. குப்பையை எரிக்கும் சூளையும் அங்கே இல்லை.

அப்படியானால் அந்த ஊர் நாறிப் போயிருக்க வேண்டுமே என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! அந்த ஊரைப் பார்க்க வெளிநாடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பார்க்க வருவது கோவிலை அல்ல. கோட்டையை அல்ல. அந்த ஊரின் குப்பைமேட்டை!

ஊரின் பெயர் கமிகட்சு. அங்கே நடந்த கதை இது.

மலை ஊர்

ஜப்பானின் பெரிய தீவுகளில் ஒன்று ஷிகோகு. அதில் உள்ள டோகுஷிமா நகரில் இருந்து மோட்டாரில் ஒரு மணி நேரம் போனால் கமிகட்சு வரும். சுற்றிலும் மலை. மலை நிறையக் காடு. சரிவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். 55 சிற்றூர்கள் சேர்ந்ததுதான் இந்த ஊர்.

1955-ம் ஆண்டில் இது ஒரே ஊராக அமைக்கப்பட்டபோது மக்கள் தொகை 6 ஆயிரத்துக்கு மேல். மரம் வெட்டியும் ஆரஞ்சு பயிரிட்டும் பிழைத்தார்கள். பிறகு வெளிநாட்டு மரம் மலிவாக வந்தது. உள்ளூர் மரத்துக்குக் கிராக்கி குறைந்தது. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். இப்போது ஊரில் இருப்பவர்கள் 1,400 பேருக்கும் குறைவு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள்.

இந்தத் தாத்தாக்களும் பாட்டிகளும்தான் ஊரின் குப்பையைத் தலைகீழாக மாற்றிக் காட்டியவர்கள்!

புகையும் விஷமும்

1990-களின் நடுப்பகுதி வரை கமிகட்சுவும் மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. ஊருக்கு வெளியே ஹிபிகதானி என்று ஓர் இடம். அங்கே ஒரு பெரிய பள்ளம். ஊரார் எல்லோரும் குப்பையைக் கொண்டுபோய் அதில் கொட்டுவார்கள். தீ வைப்பார்கள். பழைய நாற்காலி, கிழிந்த மெத்தை, பிளாஸ்டிக் சாமான் எல்லாம் சேர்ந்து எரியும். கரும்புகை மலையைச் சுற்றும்.

இப்படி வெட்டவெளியில் எரிக்கக் கூடாது என்று மேலிடத்தில் இருந்து கண்டிப்பு வந்தது. 1998-ம் ஆண்டில் ஊர் நிர்வாகம் 2 சிறிய சூளைகளை அமைத்தது. நிம்மதி என்று எண்ணினார்கள். அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

சில வகைப் பிளாஸ்டிக்குகளைப் போதிய சூடு இல்லாமல் எரித்தால் ‘டயாக்சின்’ என்ற விஷம் உண்டாகும். அது காற்றிலே பரவும். மண்ணிலே படியும். புல்லைத் தின்னும் மாட்டின் பாலிலும் சேரும். மனித உடம்புக்குள் போனால் எளிதில் வெளியேறாது. புற்றுநோய்க்கும் காரணமாகலாம்.

இந்த விஷத்தைத் தடுக்க ஜப்பான் அரசு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 2000-ம் ஆண்டில் அது அமுலுக்கு வந்தது. கமிகட்சுவின் குட்டிச் சூளைகள் அந்தச் சட்டத்தின் முன் நிற்க முடியவில்லை. இரண்டும் மூடப்பட்டன.

புதிய பெரிய சூளை கட்டலாம். அதற்குக் கொட்டிக் கொடுக்கச் சின்ன ஊரிடம் பணம் இல்லை. வேறு ஊருக்கு லாரியில் அனுப்பலாம். அதற்கும் கூலி கொடுத்து மாளாது.

வழி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. எரிக்க வேண்டிய குப்பையே இல்லாமல் செய்வது!

சமையலறையில் தொடங்கியது

குப்பை ஏன் நாறுகிறது? அதிலே காய்கறித் தோலும் மிச்சச் சோறும் மீன் முள்ளும் கலந்திருப்பதால். அந்த ஈரத்தை எடுத்துவிட்டால் நாற்றம் போய்விடும். எடையும் குறைந்துவிடும்.

இந்த வேலையைக் கமிகட்சு முன்பே தொடங்கி இருந்தது. தோட்டத்தில் உரத்தொட்டி வைக்க விரும்பிய குடும்பங்களுக்கு ஊர் நிர்வாகம் 1991-ம் ஆண்டு முதல் மானியம் கொடுத்தது. தோட்டம் இல்லாதவர்களுக்காக மின்சாரத்தில் ஓடும் சிறு எந்திரம் வந்தது. கழிவை அதில் போட்டால் அது உலர்ந்து உரமாகும். 1995-ம் ஆண்டு முதல் அதற்கும் மானியம்.

இப்போது அந்த ஊரில் சமையலறைக் கழிவு வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அங்கேயே உரமாகிச் செடிக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பதெல்லாம் உலர்ந்த பொருள். உலர்ந்த பொருளைப் பிரிப்பது சுலபம்.

முதலில் 9, பிறகு 45!

முதலில் 9 வகையாகப் பிரித்தார்கள். பிறகு 22 ஆயிற்று. சூளைகளை மூடிய பிறகு, 2001-ம் ஆண்டில், 30 வகையையும் தாண்டியது. 2016-ம் ஆண்டில் 45 வகை!

குப்பையில் 45 வகையா என்று மலைக்கிறீர்களா? காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் ஒரு வகை. பத்திரிகை, நோட்டுப் புத்தகம் ஒரு வகை. அட்டைப் பெட்டி ஒரு வகை. பால் வரும் பெட்டி வேறு. அந்தப் பெட்டியின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஒரு தொட்டி. வெள்ளி போலப் பளபளத்தால் இன்னொரு தொட்டி!

சீசா என்றால் நிறமற்றது ஒரு பக்கம். பழுப்பு ஒரு பக்கம். மற்ற நிறங்கள் ஒரு பக்கம். சீசாவின் உலோக மூடி தனி. பிளாஸ்டிக் மூடி தனி. டப்பாவில் இரும்பு வேறு, அலுமினியம் வேறு. உடைந்த கண்ணாடி, பல்பு, டியூப் லைட், பாட்டரி, சிகரெட் லைட்டர், தாளித்து மிஞ்சிய எண்ணெய், சாப்பிடும் மரக்குச்சி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம்.

எதற்காக இவ்வளவு நுணுக்கம்? காரணம் இருக்கிறது. பால் பெட்டியைக் கூழாக்கினால் நல்ல காகிதம் கிடைக்கும். உள்ளே அலுமினியத் தகடு ஒட்டியிருந்தால் அந்தக் கூழ் கெடும். நிறமற்ற சீசாவை உருக்கினால் மறுபடி நிறமற்ற சீசா ஆகும். அதிலே பச்சைச் சீசா ஒன்று விழுந்தாலும் நிறம் கெட்டுவிடும். டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. அது மண்ணில் கலந்தால் ஆபத்து. தனியாக எடுத்தால் அதையும் மறுபடி பயன்படுத்தலாம்.

கலந்து கிடந்தால் குப்பை. பிரித்து வைத்தால் சரக்கு. இதுதான் கமிகட்சு கண்டுபிடித்த ரகசியம்.

முணுமுணுப்பு

ஊரார் இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. பலர் முணுமுணுத்தார்கள்.

“தூக்கிப் போடும் டப்பாவைக் கழுவ வேண்டுமாம். காய வைக்க வேண்டுமாம். பிரித்துக் கட்ட வேண்டுமாம். பிறகு அதை நாமே சுமந்துகொண்டு போக வேண்டுமாம். வயதான காலத்தில் இது என்ன தொல்லை?” என்பது பலருடைய மனக்குறை.

குறையில் நியாயம் இருந்தது. மலைச் சரிவிலே வீடு. கையிலே மூட்டை. காலிலே வலி.

ஊர் அதிகாரிகள் உத்தரவு போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சிற்றூர் சிற்றூராகப் போய் மக்களைக் கூட்டிப் பேசினார்கள். எது எந்தத் தொட்டிக்கு என்று கையில் பிடித்துக் காட்டினார்கள். குப்பை நிலையத்திலும் ஆட்களை நியமித்தார்கள். சந்தேகம் என்றால் அவர்களிடம் கேட்கலாம். மோட்டார் வண்டி இல்லாத முதியவர்களின் வீடுகளுக்கு மட்டும் 2 மாதத்துக்கு ஒரு முறை ஆள் போய் மூட்டைகளை வாங்கி வர ஏற்பாடு செய்தார்கள்.

நிலையம் அமைந்த இடம் எது தெரியுமா? பழைய குப்பை எரிந்த அதே ஹிபிகதானி! புகைமூட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகத் தொட்டிகள் வந்தன.

நாள் ஆக ஆக இன்னொரு மாற்றமும் ஏற்பட்டது. தனியாக வாழும் முதியவர்கள் அங்கே ஒருவரை ஒருவர் சந்தித்தார்கள். சுகம் விசாரித்தார்கள். சீசாவைப் பிரித்தபடியே ஊர்க்கதை பேசினார்கள். முகம் சுளித்துக் கொட்டிவிட்டு ஓடிய இடம், நின்று பேசும் இடமாக மாறியது.

ஊர் எடுத்த சபதம்

2003-ம் ஆண்டில் பால் கானெட் என்ற அமெரிக்க ரசாயனப் பேராசிரியர் கமிகட்சுவுக்கு வந்தார். குப்பையை எரிக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர் அவர். “குப்பையே இல்லாத ஊர் ஆவோம் என்று நீங்கள் சபதம் எடுத்தால் என்ன?” என்று யோசனை சொன்னார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி கமிகட்சு அந்தச் சபதத்தை எடுத்தது. 2020-ம் ஆண்டுக்குள் எரிப்பதும் புதைப்பதும் இல்லாத ஊராக முயல்வோம் என்று அறிவித்தது. ஜப்பானில் இப்படிச் சபதம் எடுத்த முதல் ஊர் அதுதான்.

பலகை பேசுகிறது

நிலையத்தில் ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே ஒரு பலகை தொங்குகிறது. அதில் மூன்று செய்திகள் இருக்கும். இந்தப் பொருள் எங்கே போகிறது? அங்கே என்னவாக மாறுகிறது? இதனால் ஊருக்கு வரவு எவ்வளவு, அல்லது செலவு எவ்வளவு?

அலுமினிய டப்பா என்றால் வரவு. மண்ணில் இருந்து தாது எடுத்துப் புதிதாக அலுமினியம் செய்ய ஏராளமான மின்சாரம் வேண்டும். பழைய டப்பாவை உருக்கினால் அதில் 20-ல் ஒரு பங்கு சக்தி போதும். அதனால் வியாபாரிகள் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். செய்தித்தாளும் அட்டையும் அப்படியே. அந்தக் காசு ஊருக்குத்தான்.

கண்ணாடியும் பாட்டரியும் செலவு. அவற்றைச் சுத்தப்படுத்த ஊர்தான் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் வரிப்பணம். பலகையைப் படிக்கும் பாட்டிக்கு இது புரிகிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது யோசித்து வாங்குகிறார்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அங்கே செய்தித்தாள் கட்டைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டுவதில்லை. பழைய பால் பெட்டியில் இருந்து செய்த காகிதக் கயிற்றால் கட்டுகிறார்கள். கட்டும் கயிறும் காகிதம், கட்டப்படுவதும் காகிதம். அவிழ்க்காமலே கூழாக்கலாம்!

காசு கேட்காத கடை

நிலையத்தை ஒட்டி ஒரு கடை. பெயர் ‘குருகுரு கடை’. ஜப்பானிய மொழியில் ‘குருகுரு’ என்றால் சுற்றிச் சுற்றி வருவது என்று பொருள். 2006-ம் ஆண்டில் இது திறக்கப்பட்டது.

இந்தக் கடையில் கல்லாப் பெட்டி கிடையாது. பீங்கான் தட்டு, கிண்ணம், சட்டை, பொம்மை, புத்தகம், நாற்காலி எல்லாம் அடுக்கி இருக்கும். ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத நல்ல பொருள்களை இங்கே வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். வெளியூர்க்காரரும் எடுக்கலாம். விலை இல்லை!

ஒரே ஒரு நிபந்தனை. எடுத்துப் போகும் பொருளை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். எவ்வளவு எடை குப்பைக்குப் போகாமல் தப்பியது என்று கணக்குப் பார்க்கத்தான் அது.

குழந்தை வளர்ந்துவிட்டால் அதன் சட்டை அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகிறது. விருந்துக்கு வாங்கிய தட்டு இன்னொரு விருந்துக்குப் போகிறது.

துணி மீன்

பாட்டிமார்கள் பழைய துணியில் புதுப் பொருள் தைக்கும் பட்டறையும் ஊரில் ஏற்பட்டது. அதற்கு ‘குருகுரு பட்டறை’ என்று பெயர்.

ஜப்பானில் மே மாதம் 5-ந் தேதி குழந்தைகள் தினம். ஆண் பிள்ளை உள்ள வீட்டில் உயரமான கம்பம் நட்டு அதில் துணியால் செய்த பெரிய மீன்களைப் பறக்கவிடுவார்கள். காற்று புகுந்ததும் அந்த மீன்கள் ஆற்றில் எதிர்நீச்சல் போடுவதுபோல ஆடும். பிள்ளையும் அப்படி வலுவாக வளர வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை.

பிள்ளை வளர்ந்தான். பட்டணத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். துணி மீன் மட்டும் பெட்டியிலே மடிந்து கிடக்கிறது. எறிய மனம் வருமா? வைத்துத்தான் என்ன செய்வது?

கமிகட்சுவில் அந்த மீன்கள் பட்டறைக்கு வந்தன. பாட்டிகள் அதை வெட்டினார்கள். பையாகவும் மேல்சட்டையாகவும் தைத்தார்கள். மீனின் செதிளும் கண்ணும் அந்தச் சட்டையில் அப்படியே தெரியும். கல்யாணத்துக்கு உடுத்திய பழைய கிமோனோ உடையும் இப்படியே கைப்பையாக மாறியது. வெளியூர்க்காரர்கள் விரும்பி வாங்கினார்கள்.

700 ஜன்னல்கள்

2020-ம் ஆண்டில் பழைய நிலையம் இருந்த இடத்தில் புதிய கட்டிடம் எழுந்தது. கட்டியவர் ஹிரோஷி நகமுரா என்ற கட்டிடக் கலைஞர். மேலே இருந்து பார்த்தால் அந்தக் கட்டிடம் கேள்விக்குறி போல இருக்கும். வளைந்த பகுதியில் குப்பை பிரிக்கும் இடமும் குருகுரு கடையும் இருக்கின்றன. கீழே உள்ள புள்ளிதான் தங்கும் விடுதி!

மரம் உள்ளூர்க் காட்டு மரம். ஜன்னல்கள்? ஊராரிடம் கேட்டார்கள். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளில் இருந்தும் பழைய கட்டிடங்களில் இருந்தும் சுமார் 700 ஜன்னல்களும் கதவுகளும் வந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்று புதுமாதிரி, ஒன்று பாட்டன் காலத்தது. எல்லாவற்றையும் ஒட்டுப்போட்ட துணிபோலச் சேர்த்துச் சுவர் எழுப்பினார்கள். இரவில் விளக்கு ஏற்றினால் ஆளில்லாத வீட்டு ஜன்னல்கள் மறுபடி ஒளி வீசுகின்றன!

விடுதியில் தங்குபவருக்கு முழுச் சோப்பு கிடையாது. எத்தனை நாள் தங்குகிறீர்களோ அதற்கு வேண்டிய துண்டு மட்டும்தான். புறப்படும்போது தங்கள் குப்பையைத் தாங்களே பிரித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பணம் கொடுத்து விருந்தாளியாக வந்து குப்பை பிரித்துவிட்டுப் போகிறவர்கள் உலகத்தில் இங்கேதான் இருப்பார்கள் போலும்!

இலைக்கும் விலை

வீண் பொருளில் காசு பார்க்கும் வித்தை இந்த ஊருக்குப் புதிது அல்ல. 1981-ம் ஆண்டு பிப்ரவரியில் கடும்பனி பெய்து ஆரஞ்சு மரங்கள் கருகின. பிழைப்பு போயிற்று. அப்போது விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் யோகோயிஷி டோமோஜி என்ற இளைஞர் வேலை பார்த்தார். ஒசாகா நகரில் ஓர் உணவு விடுதியில் தட்டை அலங்கரித்த ஒரு சிவப்பு இலையைப் பார்த்து இளம்பெண்கள் மகிழ்வதை அவர் கண்டார். “எங்கள் மலையில் உதிர்ந்து வீணாகும் இலை அல்லவா இது!” என்று அவருக்குப் பொறி தட்டியது.

1986-ம் ஆண்டில் இலை வியாபாரம் தொடங்கியது. பாட்டிகள் இலையும் பூவும் பறித்து அடுக்கிப் பெரிய விடுதிகளுக்கு அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டரில் சந்தை நிலவரமும் பார்க்கிறார்கள். இந்தக் கதை 2012-ம் ஆண்டில் சினிமாவாகவும் வந்தது.

மிஞ்சிய 20

சபதம் நிறைவேறியதா? முழுவதும் நிறைவேறவில்லை. 2020-ம் ஆண்டு வந்தபோது ஊரின் குப்பையில் 100-க்கு சுமார் 80 பங்கு மறுபடி பயன்பாட்டுக்குப் போனது. ஜப்பான் நாட்டின் சராசரி சுமார் 20 பங்குதான். இது பெரிய வெற்றி.

ஆனால் 20 பங்கு மிஞ்சியது. அதைப் பணம் கொடுத்து வெளியே அனுப்பி எரிக்கவும் புதைக்கவும் வேண்டி இருக்கிறது.

அந்த 20-ல் என்ன இருக்கிறது? ஒருமுறை கட்டி எறியும் டயாப்பர். ரப்பரும் தோலும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய செருப்பு. பிரிக்க முடியாதபடி பல பொருள்களைச் சேர்த்துச் செய்த சாமான்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் துவைத்துக் கட்டும் துணிகளை ஊர் நிர்வாகம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. அதனால் கொஞ்சம் குறையும். செருப்பை என்ன செய்வது?

இங்கேதான் ஒரு பெரிய உண்மை தெரிகிறது. 80 வயதுப் பாட்டி டப்பாவைக் கழுவுகிறார், காய வைக்கிறார், சுமந்து வருகிறார். தம்மால் ஆனதை எல்லாம் செய்துவிட்டார். இனிமேல் செய்ய வேண்டியவர் அந்தச் சாமானைத் தயாரிக்கும் முதலாளி. பிரிக்க முடியாத பொருளைச் செய்தால், அதைப் பிரிக்க எந்த ஊராலும் முடியாது.

இதைக் கமிகட்சு வெளிப்படையாகச் சொல்கிறது. 2020-ம் ஆண்டில் மறுபடி ஒரு சபதமும் எடுத்தது. 2030-ம் ஆண்டு வரை முயற்சியைத் தொடர்வது என்று முடிவு செய்தது.

ஏன்? ஏன்?

அந்தக் கேள்விக்குறிக் கட்டிடத்துக்கு ‘ஏன்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவரைப் பார்த்து அது கேட்கிறது: “இதை ஏன் வாங்கினீர்கள்? ஏன் எறிகிறீர்கள்?” செய்து விற்பவரைப் பார்த்தும் கேட்கிறது: “இதை ஏன் செய்தீர்கள்? ஏன் விற்கிறீர்கள்?”

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மலை ஊரின் முதியவர்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டார்கள். பதிலும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த மலையில் இல்லை.